இரவல் நடை

மோகனப்பிரியா வருவதற்கு முன்னால் அவள் காலடிச் சத்தம் வந்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதிலேயே மாமியார் சாந்தாமணி இதைக் கண்டுபிடித்து, உறவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தார். குதிகாலை அழுத்தி ஊன்றி, திம் திம்மென்று, தரையோடு ஏதோ தீராத வழக்கு இருப்பவளைப் போல நடப்பாள். பெண்பிள்ளை நடக்கிற நடையா இது என்று கேட்டால் மோகனாவும் லேசுப்பட்டவள் இல்லை. தான் வருவது தெரிந்தால்தானே தன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்ள வசதியாக இருக்கும் என்பாள். மாமியார் வாயை மூடிக்கொள்வார், அன்றைக்கு மட்டும்.

அந்தக் கால்தான் போன ஆடியில் போனது. கணபதிப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் சோதனைப் பிரிவில் அவளுக்கு வேலை. தள்ளுவண்டியிலிருந்து சரிந்த ஒரு மோட்டார் நேராக இடது பாதத்தின் மேல் இறங்கியது. எலும்பெல்லாம் நொறுங்கி, நரம்பு பாதி அறுந்து, மூன்று விரலில் உணர்ச்சியே இல்லாமல் போனது. ஆஸ்பத்திரியில் பாதத்தைப் பிரித்து, புது எலும்பை அச்சில் வார்த்துப் பொருத்தி, திருகி, தைத்து அனுப்பினார்கள். பாதம் பிழைத்தது. ஆனால் தரையில் வைத்தால் அது யாரோ ஒருத்தருடைய செருப்பு மாதிரி கிடந்தது.

இந்தக் கதை நடக்கிற காலத்தில் காலொடிந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தத்தித் தத்தி நடப்பதில்லை. அதற்கு வேறு வழி வந்துவிட்டது. பிசியோதெரபி டாக்டர் ஷாகிதா அதை மோகனாவுக்கும் அவள் கணவன் பூபதிக்கும் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"நல்லா நடக்கறவங்களோட நடையப் பதிவு பண்ணி வெச்சிருக்கோம்ங்க. உங்க கெண்டைக்காலுக்குள்ள முடி மாதிரி ஒரு இழை வெப்போம். பாதத்துல ஒரு பட்டை, அந்தக் கால்ல உலோகம் மட்டும் படக்கூடாது. பட்டை தரையத் தொட்டா இழைக்குச் சொல்லும், இழை நரம்புக்குச் சொல்லும். கால் தானா நடந்துக்கும்."

"யாரோட நடைங்க அது?" என்று மோகனா கேட்டாள்.

"அதச் சொல்லக்கூடாதுங்க. உங்க உயரத்துக்கும் எடைக்கும் தோதான யாரோ ஒருத்தர்."

ஒரு நிபந்தனையும் இருந்தது. மாசி முதல் வாரத்துக்குள் இழையை எடுத்துவிட வேண்டும். விட்டால் நரம்பு அதைச் சுற்றி வளர்ந்துவிடும், பிறகு ஆயுசுக்கும் அந்த நடைதான். எடுக்க வேண்டுமென்றால் அதற்குள் சொந்தமாக நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்பதையும் ஷாகிதா மறைக்கவில்லை.

ஐப்பசியில் இழை ஏறியது. கட்டிலிலிருந்து எழுந்து நின்றாள் மோகனா. வாசல்வரை நடந்தாள், திரும்பி வந்தாள். பூபதி கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாந்தாமணிக்கோ வாயெல்லாம் பல். ஏனென்றால் மருமகள் நடந்தது மட்டுமல்ல, சத்தமே இல்லாமல் நடந்தாள். நுனிப்பாதம் முதலில் இறங்கி, குதிகால் பிறகு படிந்து, திரும்புகிற இடத்தில் சின்னதாக ஓர் எக்கு எக்கி, அடுத்த அடி. அந்த எக்கில் ஒரு குறும்பு இருந்தது. இப்படி நடக்கக் கற்றுக்கொடுக்கத்தான் இத்தனை வருஷம் பாடுபட்டேன் என்று சாந்தாமணி பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமையடித்தார்.

பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு மருமகளின் குழம்பைப் பற்றி மகளிடம் போனில் அளந்துகொண்டிருந்த சாந்தாமணி, திரும்பிப் பார்த்தால் மருமகள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். பால் பாத்திரம் கை நழுவிப் போனது. பூபதியும் அப்படித்தான் மாட்டிக்கொண்டான், மச்சினனைப் பற்றிப் பேசும்போது. இரண்டு நாள் அவனுக்கு வீட்டில் டீ கிடைக்கவில்லை.

"வூட்டுல யாரோ விருந்தாளி இருக்கற மாதிரியே இருக்குது மோகனா," என்றான் ஒருநாள். விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்கு அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. கடைவீதியில் ஒரு கண்ணாடிக் கதவில் தன்னையே பார்த்தபோது, தன் முகத்தை வைத்துக்கொண்டு வேறொருத்தி வருவதைப் பார்த்தாள். சின்னவள், யாரிடமும் திட்டு வாங்காதவள். அழகான நடைதான். ஆனால் இது என்னுடையது இல்லை, என் காலில் வேறு ஒருத்தி குடியிருக்கிறாள் என்று அவளுக்குத் தாங்க முடியாமல் போனது.

இழையை எடுத்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள். சொந்த நடை வேண்டும், திம் திம்மென்று இருந்தாலும் சரி. கார்த்திகையில் ஷாகிதா இழையைச் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்தார். முதல் அடியிலேயே மோகனா மூட்டை மாதிரி விழுந்தாள். மார்கழி தொடக்கத்தில் இன்னொரு தடவை நிறுத்தினார். அப்போதும் அதே கதைதான். அதிலிருந்து இழையை நிறுத்துகிறேன் என்று சொன்னாலே அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். பயப்படாமல் தினமும் நடங்கள், தசைக்குப் பலம் வரட்டும், மாசி பிறந்து வாருங்கள், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அனுப்பி வைத்தார் டாக்டர்.

அதனால் தினமும் காலையில் சிங்காநல்லூர்க் குளக்கரையில் நடந்தாள். அங்கேதான் ரஞ்சிதம் வந்தார்.

குளக்கரையில் முடக்கத்தான் சூப் விற்கிற வண்டிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் உட்கார்ந்து ஓர் அம்மாள் தன்னையே பார்ப்பதை மோகனா கவனித்தாள். சரியாகச் சொன்னால் தன்னை இல்லை, தன் காலை. வெள்ளைப் புள்ளி போட்ட பருத்திச் சேலை, மடியில் ஒரு துணிப்பை. போகும்போதும் பார்ப்பார், வரும்போதும் பார்ப்பார். ஒருநாள் மோகனாவுக்குப் பொறுக்கவில்லை. நேரே போய் எதிரில் நின்று, என்னவென்று கேட்டுவிட்டாள்.

அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. "திரும்பற எடத்துல ஒரு எக்கு எக்கறியே கண்ணு," என்றார். "அது எம்பட பொண்ணு எக்கறது."

மகள் பெயர் மிருதுளா. கல்லூரியில் படிக்கும்போது ஏதோ ஆராய்ச்சிக்காக உடம்பெல்லாம் ஒயரை ஒட்டிக்கொண்டு நடந்துகாட்டினேன், ஜூஸ் கொடுத்தார்கள் என்று வந்து சொல்லிச் சிரித்தாளாம். அடுத்த வருஷம் மூளைக்காய்ச்சல் வந்து மூன்று நாளில் போய்விட்டாள். போட்டோ இருக்கிறது, குரல் இருக்கிறது, சட்டை துணிமணியெல்லாம் இருக்கிறது. நடை மட்டும் எங்கும் இல்லை என்று நினைத்திருந்தார் ரஞ்சிதம், இந்தக் குளக்கரையில் அது எதிரே வந்த நாள்வரைக்கும்.

மோகனா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கேட்காமலே, அந்த அம்மாளுக்கு எதிரே இரண்டு தடவை நடந்து திரும்பினாள். ரஞ்சிதம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவள் நடப்பாள், அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். பிறகு இருவரும் ஆளுக்கொரு சூப் குடிப்பார்கள். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரஞ்சிதம் கதை சொல்வதில் கெட்டிக்காரர். சூப்பு வண்டிக்காரன் உப்பு குறைத்தால் சண்டை பிடிப்பார். மகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

மாசியில் இழையை எடுக்கப்போவதை மோகனா அவரிடம் மறைக்கவில்லை. மறைப்பது பாவம் என்று பட்டது. கேட்டுவிட்டு ரஞ்சிதம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துப்போட்டா அந்த நடை எங்க போகும் கண்ணு?"

டாக்டரிடம் அதையும் மோகனா விசாரித்திருந்தாள். பதிவு பத்திரமாக இருக்கும், வேறு ஊரில் வேறு யாருக்காவது போகும், யாருக்கென்று சொல்ல மாட்டார்கள். அதைச் சொன்னாள். சொல்லும்போது தானே போய் அந்தப் பெண்ணை இன்னொரு தடவை அனுப்பி வைப்பது போல இருந்தது. வேண்டாம் என்று ரஞ்சிதம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் எடுக்காமலே விட்டிருப்பாள். அவர் சொல்லவில்லை. "உன்ற காலு கண்ணு. நீதான் முடிவு பண்ணோணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, சூப் ஆறுகிறது என்றார்.

பொங்கல் வந்தது. பொங்கல் முடிந்த மறுநாள் குளக்கரைக்குப் போனபோது மோகனாவின் கால் ஒரு மாதிரியாக இருந்தது. பனிக்குளிர் அந்த வருஷம் கொஞ்சம் அதிகம்தான். பாதம் கனத்தது, கணுக்கால் கடுத்தது, வண்டியைத் தாண்டுகிற இடத்தில் தடுமாறிச் சாய்ந்தாள். பெஞ்சிலிருந்த ரஞ்சிதம் ஓடிவந்து முழங்கையைப் பிடித்தார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஒருவர் எழுந்துவந்ததை மோகனா பார்த்ததில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. தூசி என்றார்.

அன்றிலிருந்து ரஞ்சிதம் பெஞ்சில் உட்காரவில்லை. முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். பள்ளம் வந்தால் பள்ளம் என்பார், வேர் வந்தால் வேர் என்பார். தை முழுக்க அப்படிப் போனது. முதலில் முழங்கை, பிறகு விரல் நுனி, பிறகு பக்கத்தில் வருவதோடு சரி. மோகனாவுக்கு வலி குறைந்து, கால் இறுகி, வேகம் கூடியது. இருந்தாலும் மாசி நெருங்க நெருங்க அவளுக்கு உள்ளுக்குள் ஒரே யோசனைதான். இழையை நிறுத்தினால் மறுபடி விழுந்துவிடுவேன். விழாவிட்டாலும் இந்த அம்மாளுக்கு மிஞ்சியிருப்பதை நான் பறித்தவள் ஆவேன். எதற்கு வம்பு, இருக்கட்டும் விடு என்றான் பூபதி. அவளும் கிட்டத்தட்ட அதற்கு இறங்கி வந்திருந்தாள். தன் நடை வேண்டும் என்ற ஆசை மட்டும் ஓரத்தில் முனகிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று ரஞ்சிதமும் வருகிறேன் என்றார். பூபதி, சாந்தாமணி, ரஞ்சிதம் என்று படையே கிளம்பியது. ரஞ்சிதம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, மற்றவர்கள் உள்ளே போனார்கள்.

மோகனா டாக்டரிடம் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டாள். "இழை இருக்கட்டுங்க டாக்டர். எனக்கு எடுக்க வேண்டாம்."

ஷாகிதா வற்புறுத்தவில்லை. எதற்கும் பரிசோதித்துவிடலாம் என்று காலைத் தூக்கி முக்காலியில் வைத்து, பாதத்தில் போட்டிருந்த மெல்லிய உறையைக் கழற்றினார். பட்டை தெரிந்தது. பட்டைக்குக் கீழே, இரண்டாவது விரலில், பளபளவென்று ஒரு வெள்ளி மெட்டி தெரிந்தது.

டாக்டர் கருவியைக் கெண்டைக்காலில் வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கால்ல உலோகம் எதுவும் படக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே," என்றார். "பட்டை விரல் வழியாத்தான் தரைய உணருது. வெள்ளி அதக் குழப்பி விட்டிருக்கு. குழப்பம் வந்தா இழை பேசாம அடங்கிரும், தப்பா நடக்க வெச்சிரக்கூடாதுன்னு. இது அடங்கி ரொம்ப நாளாச்சுங்க. இந்த மெட்டி எப்பப் போட்டது?"

மோகனா பூபதியைப் பார்த்தாள். பூபதி அம்மாவைப் பார்த்தான். உணர்ச்சியில்லாத அந்த விரல்களுக்குக் காலையில் எண்ணெய் தடவி உறை போட்டுவிடுவது அவர்தான்.

சாந்தாமணி சேலைத் தலைப்பை முறுக்கினார். "ஒத்தக் கால்ல மெட்டி போட்டுக்கிட்டு, ஒத்தக் கால மூளியா வெச்சுக்கிட்டு, பொங்க நோம்பியன்னிக்கு எப்படிங்க பானை வெக்கறது?" என்றார். "எம்பையனுக்கு ஏதாவது ஆயிருமோன்னு மனசு கேக்கல. உறைக்குள்ளாற போட்டுவிட்டேன். வெளிய தெரியாதுன்னு நெனச்சேன். எடுக்கோணும் எடுக்கோணும்னு நெனப்பேன், எடுக்கக் கை வரல."

காலடி கனத்ததைக் குளிர் என்றுதான் நினைத்தேன் என்றான் பூபதி. பட்டையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதானே இருந்தது என்று டாக்டரிடம் கேட்டான். சார்ஜ் இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அந்த விளக்கு என்றார் ஷாகிதா. பிறகு மோகனா பக்கம் திரும்பி, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்.

"புரியுதுங்களா? பொங்கல்லருந்து நீங்க நடந்ததெல்லாம் உங்க நடை."

சந்தோஷப்பட வேண்டிய சேதி. மோகனாவுக்கோ பயம்தான் வந்தது. குளக்கரை மேடு, வேர், ஈரமண், ஆஸ்பத்திரி வாசல் சரிவு எல்லாவற்றிலும் ஒரு துணையும் இல்லாமலா வந்தேன்? எழுந்து நிற்கச் சொன்னார் டாக்டர். எழுந்தாள். இடது காலைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது போல இருந்தது. அடுத்த அடி எப்படி வைப்பது என்றே தெரியவில்லை. முதலில் குதிகாலா, நுனியா? முட்டியை எப்போது மடக்க வேண்டும்? இத்தனை நாளாகத் தானாக நடந்த கால், கேள்வி கேட்டதும் கல்லாகிவிட்டது. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னால முடியாதுங்க. இழைய எழுப்பிவிட்டுருங்க," என்றாள். அழுகை வந்துவிட்டது.

மெட்டியைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் சரிசெய்தால் எழுப்பிவிடலாம், ஆனால் இன்றைக்கு எழுப்பினால் பிறகு எடுக்க அவகாசம் இல்லை, இதுதான் முடிவாகும் என்றார் டாக்டர். எழுப்பிவிடச் சொன்னான் பூபதி. சாந்தாமணி தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். அழுகைச் சத்தம் கேட்டு ரஞ்சிதம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். என்னவென்று சாந்தாமணியே திக்கித் திக்கிச் சொன்னார்.

ரஞ்சிதம் ஆச்சரியப்படவே இல்லை. மோகனாவுக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும் கண்ணு," என்றார்.

"எதுங்கம்மா?"

"பொங்க கழிஞ்ச மறுநாளே தெரியும். நீ தூரத்துல வாரப்பவே பாத்தேன். எக்கு இல்ல. பாதம் வுழுகற விதமே வேற. எம்பொண்ணு நடை எனக்குத் தெரியாதா? அவ போய்ட்டா. ரெண்டாவது தடவையும் கண்ணு முன்னால போய்ட்டா." அவர் குரல் உடைந்தது, சமாளித்துக்கொண்டார். "அழுதுக்கிட்டு நின்னேன். அதுக்குள்ள நீ சாஞ்சுட்ட. ஓடியாந்து புடிச்சேன்."

மோகனா நாற்காலியில் முன்னால் சாய்ந்தாள். "ஏங்கம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா உக்காந்துருவ. இப்ப உக்காந்திருக்கியே, இப்படி."

பூபதி தரையைப் பார்த்தான். ஷாகிதா கருவியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப தை மாசம் பூரா எதுக்குங்கம்மா வந்தீங்க? பாக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லியே. எம்பட நடைதானே இருந்துது."

ரஞ்சிதம் அவள் முழங்காலில் கை வைத்தார். "மொதல்ல நீ வுழுந்துருவியோன்னு வந்தேன். அப்பொறம் நீ நடக்கறதப் பாக்க வந்தேன். நேத்து அந்த மேட்டுல நான் கையே வெக்கல, நீ பேசிக்கிட்டே ஏறிப்போன. அன்னாடம் ஒருத்தி நடக்கக் கத்துக்கறதப் பாத்துக்கிட்டு இருந்தேன் கண்ணு. இத எம்பொண்ணுக்குத்தான் ஒருக்காப் பாத்தேன். மறுபடியும் கெடைக்கும்னு நான் நெனக்கவே இல்ல."

மோகனா அவரையே பார்த்தாள். தான் பறித்துவிடுவோமோ என்று இத்தனை நாள் தவித்த அந்த நடை பொங்கலோடு போய்விட்டிருக்கிறது. போன பிறகும் இந்த மனுஷி தினமும் பஸ் பிடித்து வந்து, முழங்கையைப் பிடித்து நடத்தியிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லாமல். கோபமா, நன்றியா, வெட்கமா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எல்லாமும்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குதிகாலா நுனியா என்று யோசிப்பதை விட்டாள். நாற்காலியின் கையைக்கூடத் தொடாமல் எழுந்து, டாக்டரின் மேசையைச் சுற்றி, ஜன்னல்வரை போய், திரும்பி, கதவைத் திறந்துகொண்டு நடைகூடத்துக்கே போய்விட்டாள். பளிங்குத் தரையில் குதிகால் விழுகிற சத்தம் அறைக்குள் கேட்டது. போகப் போகப் பெரிதானது. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் இப்படி வருகிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் அந்தக் கோடிவரை போய், சுவரைத் தட்டிவிட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்தாள். இடது கால் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்தது. முன்பு சாயாது. அது புதுசு, அதுவும் அவளுடையதுதான். சிரிப்பும் மூச்சிரைப்புமாக வந்து வாசலில் நின்றாள்.

"இழைய எடுத்துருங்க டாக்டர்," என்றாள். "இப்பவே."

சாந்தாமணி ஓவென்று அழுதார். பயத்திலா மகிழ்ச்சியிலா என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. மெட்டியைக் கழற்றி மருமகள் கையில் கொடுக்கப் போனார். உங்களிடமே இருக்கட்டும் அத்தை, இழை வெளியே வந்ததும் நீங்களே போட்டுவிடுங்கள் என்றாள் மோகனா. பூபதி டாக்டர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான், கண்ணில் நீர் மறைத்ததால் கிடைக்கவில்லை.

இழையை எடுப்பது சின்ன வேலைதான். மத்தியானத்துக்குள் முடிந்து, கெண்டைக்காலில் ஒரு சின்னப் பிளாஸ்திரியோடு அனுப்பிவிட்டார்கள். ஷாகிதா எடுத்த இழையை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடினார். அது ரஞ்சிதத்தின் கண் முன்னால்தான் நடந்தது. அவர் ஒரு கணம் பார்த்தார், தலையசைத்தார், பிறகு பையை எடுத்துக்கொண்டு மோகனாவோடு வெளியே வந்தார்.

வாசலில் நிழலில் நின்றார்கள். பூபதி வண்டி எடுக்கப் போயிருந்தான். நாளை முதல் இந்த அம்மாள் வர மாட்டார் என்ற நினைப்பு மோகனாவை விடவில்லை. அதைக் கேட்கவும் பயமாக இருந்தது. கடைசியில் கேட்டேவிட்டாள், நாளைக்குக் குளக்கரைக்கு வருவீர்களா என்று.

"வரமாட்டேன்," என்றார் ரஞ்சிதம்.

மோகனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கொளத்துல இனி உனக்கு என்ன இருக்குது? மேடும் பள்ளமும் பழகிருச்சு." அவர் பையைத் துழாவி ஒரு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். "எம்பட வூடு மூணாவது மாடி. லிப்டு கெடையாது. நாளைக்குக் காத்தால நீயா படியேறி வந்து கதவத் தொற. நான் கீழ எறங்கி வந்து புடிக்க மாட்டேன், சொல்லிப்போட்டேன். மேல தோசைக்கல்லு காஞ்சுக்கிட்டு இருக்கும்."